பழைய பிரிட்டிஷ் வண்டிக்கு ரியர்செட் ஃபுட்ரெஸ்ட் மாட்டுறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் இருக்கிறது திருப்பரங்குன்றம் பக்கம். என்கிட்ட 1971 புல்லட் 350 ஒண்ணு இருக்கு, வலது கால் கியர், அப்பா வாங்குன வண்டி. அதுல ரெண்டு தடவ ரியர்செட் மாட்டிருக்கேன். முதல் தடவ தப்பு, ரெண்டாவது தடவதான் சரியா வந்துச்சு. அதுக்கப்புறம் நண்பர் ஒருத்தரோட நார்ட்டனுக்கும், இன்னொரு தம்பியோட டிரையம்ஃபுக்கும் கூட நின்னு மாட்டிக் கொடுத்தேன். அதுலேருந்து வாரத்துக்கு ரெண்டு பேராவது போன் பண்ணி இதே கேள்விய கேக்குறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன்.

கேள்வி: அண்ணே, ரியர்செட்னா என்ன? சும்மா ஃபுட்ரெஸ்ட்ட பின்னாடி தள்ளி வைக்கிறதா?

பாக்க அப்படித்தான் தெரியும். ஆனா ஃபுட்ரெஸ்ட் பின்னாடி போனா கியர் லிவரும் பிரேக் பெடலும் கூடவே போயாகணும், இல்லன்னா கால் எட்டாது. அதனால ரியர்செட்டுங்கிறது ஒரு செட்டு: ரெண்டு பக்கமும் பிளேட், அதுல ஃபுட்ரெஸ்ட், பெடல், அங்கிட்டு இருந்து கியர் பாக்ஸுக்கும் பின் பிரேக்குக்கும் போற ராடு. ஃபுட்ரெஸ்ட் ஈஸி, ராடுதான் வேலை.

இது ரேஸ்லேருந்து வந்த விஷயம். வண்டிய சாய்க்கும்போது ஃபுட்ரெஸ்ட் தரையில உரசக்கூடாது, டேங்க் மேல படுத்து ஓட்டும்போது கால் பின்னாடி மடங்கணும். 1950கள்ல லண்டன் நார்த் சர்க்குலர் ரோட்டுல இருந்த ஏஸ் கஃபேல கூடுன பசங்க இத ரோட்டு வண்டிக்கும் கொண்டு வந்தாங்க. பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார் டி.பி.டி.34 வண்டி எல்லாம் கிளிப் ஆன் ஹேண்டில்பார் (முன் ஃபோர்க்குலயே தாழ்வா மாட்டுறது), பின்னாடி தள்ளுன ஃபுட்ரெஸ்ட்டுன்னுதான் நம்ம கண்ணுக்குள்ள நிக்குது.

கேள்வி: சென்னையில செஞ்ச புல்லட்ட பிரிட்டிஷ் வண்டின்னு சொல்லலாமா?

சொல்லலாம்னுதான் நான் நினைக்கிறேன். இங்கிலாந்துல ரெட்டிச்ல இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேந்து என்ஃபீல்டு இந்தியாவ ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல புல்லட்ட ஒண்ணு சேத்து விக்க ஆரம்பிச்சாங்க. டிசைன் அவங்களோடது, கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம், கியர் பாக்ஸ் அல்பியன் கம்பெனியோடது. ரியர்செட் மாட்டுற வேலைக்கு இந்த விவரம் போதும், மத்தபடி இதுல சண்டை போட ஒண்ணுமில்ல.

கேள்வி: ஃபிரேம்ல ஓட்டை போடணுமா? வெல்டிங் வைக்கணுமா?

ரெண்டும் வேணாம். இந்தப் பக்கத்துல எத மறந்தாலும் இத மட்டும் மறந்துராதீங்க. ஃபுட்ரெஸ்ட் பிடிக்கலன்னா எத்தனை தடவ வேணும்னாலும் புதுசா செய்யலாம், ஃபிரேம் ஒண்ணுதான் இருக்கு. அதுவும் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்துன பைப்பு, உள்ள எங்க துரு தின்னுருக்குன்னு வெளிய நின்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுல ஒரு ஓட்டை போட்டா அந்த ஓட்டையோட விளிம்புலதான் விரிசல் ஆரம்பிக்கும்.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பின் ஃபிரேம் பைப்புல ஒரு இரும்புத் துண்ட ஆர்க் வெல்டிங் வச்சு, அதுல ரியர்செட் மாட்டுனாரு. வெல்டிங் உடையவே இல்ல, நல்லா கெட்டியாத்தான் இருந்துச்சு, ஆனா வெல்டிங்குக்குப் பக்கத்துல இருந்த பைப்பு சுத்தி விரிசல் விட்டுப்போச்சு. சூட்டுல அந்த எடம் தன்மை மாறிருச்சு, மேல நாம ஏறி நிக்கிற பாரம், கீழ ரோட்டுக் குழி, எம்புட்டு நாள் தாங்கும்? நல்லவேளை கழுவும்போது கண்ணுல பட்டுச்சு. மேங்க்ஸ் நார்ட்டன் மாதிரி ரெனால்ட்ஸ் 531 பைப்புல செஞ்ச ரேஸ் ஃபிரேமா இருந்தா இன்னும் சூதானமா இருக்கணும். அது வெண்கல ராடு வச்சு கம்மி சூட்டுல ஒட்டுன ஃபிரேம், ஆர்க் வெல்டிங் கிட்டயே போகக்கூடாது.

கேள்வி: அப்ப எதுல மாட்டுறது?

ஃபிரேம்ல ஏற்கனவே இருக்குற போல்ட்டுலதான். எந்த வண்டியா இருந்தாலும் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தோட மேலயும் கீழயும் ஆடுற கை) பக்கத்துல பிளேட் பிடிக்க ரெண்டு மூணு எடம் கிடைக்கும். எஞ்சின் பின் பிளேட் போல்ட்டு, பழைய ஃபுட்ரெஸ்ட் ராடு போற ஓட்டை, சைலன்சர் பிராக்கெட், பின்னாடி உக்காருறவங்க ஃபுட்ரெஸ்ட் போல்ட்டு, இந்த மாதிரி. நார்ட்டன் ஃபெதர்பெட் ஃபிரேம்ல ஸ்விங் ஆர்ம் பக்கம் தகடே இருக்கு, அங்க வேலை சுலபம். (அந்த ஃபிரேம வடிவமைச்சவர் பெல்ஃபாஸ்ட்டுக்காரர் ரெக்ஸ் மெக்கான்ட்லஸ். 1950ல வந்த ஃபிரேம், இறகு மெத்தையில உக்காந்த மாதிரி இருக்குன்னு ரேஸர் ஹெரால்ட் டேனியல் சொன்னதுல பேரே அதுவாயிருச்சு.)

கண்டிப்பா ரெண்டு போல்ட்டு வேணும், அதுவும் ஒண்ணுக்கொண்ணு தள்ளி இருக்கணும். ஒரு போல்ட்டுல மாட்டுனா எம்புட்டு முறுக்குனாலும் பிளேட் ஒரு நாள் சுத்தும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க: 75 கிலோ ஆளு, குழி வருதுன்னு எந்திரிச்சு ஒரே ஃபுட்ரெஸ்ட்டுல நிக்கிறாரு, ஃபுட்ரெஸ்ட் பிளேட்டுலேருந்து 100 மில்லிமீட்டர் வெளிய நீட்டிருக்கு, அப்ப அந்த பிளேட்ட வளைக்கிற விசை கிட்டத்தட்ட 75 நியூட்டன் மீட்டர். பல வண்டியில ஆக்ஸில் நட்ட முறுக்குற அளவு விசை அது. குழியில தொப்புன்னு விழுந்தா இதுக்கு ரெண்டு மூணு மடங்கு.

பைப்ப சுத்தி பிடிக்கிற கிளாம்ப் போடலாமான்னும் கேக்குறாங்க. போடலாம், ஆனா அத மட்டும் நம்பக்கூடாது, கூட ஒரு போல்ட்டு பிடிப்பு இருந்தாத்தான் சுத்தாம நிக்கும். பைப்பு அளவ வெர்னியர் வச்சு அளந்து கிளாம்ப்ப அந்த அளவுக்கே கடையணும், லூசான கிளாம்ப்ப முறுக்கி முறுக்கி இறுக்குனா பைப்பு நசுங்கும்.

இன்னொண்ணு, எஞ்சின் பிளேட் போல்ட்ட கழட்டும்போது எஞ்சினுக்குக் கீழ கட்டையோ ஜாக்கியோ வைங்க, ஒரே நேரத்துல ஒரு போல்ட்டத்தான் கழட்டணும். புல்லட்ல எஞ்சினே ஃபிரேமோட ஒரு பாகம் மாதிரிதான், மொத்தமா கழட்டிட்டா ஓட்டைக்கு ஓட்டை மறுபடி நேரா வராது.

கேள்வி: பின் சீட் ஃபுட்ரெஸ்ட் இருக்குற எடத்துலயே மாட்டிட்டா வேலை மிச்சம் தான?

என்னோட முதல் செட் அப்படித்தான். வேலை மிச்சம், ஆனா ஃபுட்ரெஸ்ட் ரொம்ப பின்னாடி போயிருச்சு, ஒசரமும் ஜாஸ்தி. முட்டி ரொம்ப மடங்கி, கோரிப்பாளையம் சிக்னல்ல நின்னு கிளம்பும்போது தொடை பிடிச்சுக்கும். காலு அங்க இருந்தா உடம்பு பாரம் எல்லாம் கைக்கு வரும், மணிக்கட்டு வலி தனி.

அதோட பின்னாடி உக்காருறவங்களுக்கு ஃபுட்ரெஸ்ட் இல்லாம போயிரும். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123ஆவது விதி இருக்கு, பின் சீட் இருக்குற வண்டியில கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், அப்புறம் துணி சக்கரத்துல சிக்காம இருக்க பின் சக்கரத்துல பாதியாவது மறைக்கிற காப்பு, மூணும் இருந்தாகணும். நம்ம ஊர்ல சேலை கட்டிட்டு பின்னாடி உக்காருற அம்மாவும் அக்காவும்தான் ஜாஸ்தி. சாரி கார்ட கழட்டிட்டு ரியர்செட் மாட்டுறவங்கள பாத்தா எனக்கு நிஜமாவே கோவம் வரும், தயவு செஞ்சு பண்ணாதீங்க.

கேள்வி: சரி, எவ்வளவு பின்னாடி, எவ்வளவு ஒசரம்?

ஆளுக்கு ஆளு மாறும், என் அளவு உங்களுக்கு ஆகாது. பிளேட் வெட்டுறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க. வண்டிய சென்டர் ஸ்டாண்டு போட்டு ஏறி உக்காருங்க, கை ஹேண்டில்பார்ல நீங்க வழக்கமா பிடிக்கிற மாதிரி இருக்கட்டும், கால தொங்க விட்டு பையப் பைய பின்னாடி மடக்குங்க, எங்க சுகமா இருக்கோ அங்க உள்ளங்காலுக்குக் கீழ ஒரு ஆள செங்கல்லும் பலகையும் அடுக்கி வைக்கச் சொல்லுங்க. அப்படியே அஞ்சு நிமிஷம் உக்காருங்க. முதல் நிமிஷம் எல்லா எடமும் சுகமாத்தான் இருக்கும், அஞ்சாவது நிமிஷம்தான் உண்மை தெரியும். தெரிஞ்சதும் பழைய ஃபுட்ரெஸ்ட்லேருந்து எவ்வளவு பின்ன, எவ்வளவு மேலன்னு அளந்து எழுதிக்கங்க. எனக்கு ரெண்டாவது தடவ 170 மில்லிமீட்டர் பின்ன, 55 மேலன்னு வந்துச்சு, நான் 5 அடி 8 அங்குலம். ஃபுட்ரெஸ்ட் ஸ்விங் ஆர்ம் போல்ட்டு பக்கத்துல வந்துச்சுன்னா பெரும்பாலும் நல்ல எடம்னு வச்சுக்கலாம், அதுக்கு ஒரு காரணம் கீழ பிரேக் கேள்வியில வரும்.

ஹேண்டில்பார் ஒசரமா இருந்து கால் மட்டும் பின்னாடி போனா நாற்காலி நுனியில உக்காந்த மாதிரி இருக்கும். ரெண்டும் சேந்து மாறணும். கிளிப் ஆன் வேணாம்னா குறைஞ்சது தட்டையான ஹேண்டில்பாராவது போடுங்க.

கேள்வி: பிளேட்டுக்கு என்ன மெட்டீரியல்? எங்க செய்யுறது?

எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) தகடுன்னா 6 மில்லிமீட்டர், அலுமினியம்னா 8லேருந்து 10. அலுமினியத்துல 6061 இல்ல 6082ன்னு கேட்டு வாங்குங்க, பாத்திரக் கடை அலுமினியம் வளைஞ்சு போகும். என் விருப்பம் எம்.எஸ். தான். வளைஞ்சா நிமுத்தலாம், உடையுறதுக்கு முன்னாடி வளைஞ்சு காட்டிக்கொடுக்கும்.

முதல்ல அட்டையில வெட்டுங்க. அப்புறம் பிளைவுட். பிளைவுட்ல ஓட்டை போட்டு வண்டியில மாட்டி, ஸ்விங் ஆர்ம் மேலயும் கீழயும் போகும்போது இடிக்குதா, செயின் உரசுதா, சைலன்சர் குதிகால்ல படுதா, எல்லாம் பாத்துட்டு அந்த பிளைவுட்ட பட்டறையில குடுங்க. வரைபடம் குடுத்தா நம்மகிட்ட ஆயிரம் கேள்வி கேப்பாங்க, பிளைவுட் குடுத்தா அப்படியே வெட்டித் தந்துருவாங்க. கே.புதூர் பக்கமோ கப்பலூர் தொழிற்பேட்டை பக்கமோ லேத்து, மில்லிங் ரெண்டும் இருக்குற பட்டறையா பாருங்க. பெடலுக்கு கன்மெட்டல் புஷ் (பெடல் சுத்துறதுக்கு உள்ள போடுற குழாய்) கடையணும், அது லேத்துக்காரர் கை சுத்தத்துலதான் இருக்கு.

எனக்கு ரெண்டாவது செட்டுக்கு மொத்தம் 6,500 ரூபாய்க்கிட்ட ஆச்சு, அதுல பாதிக்கு மேல லேத்து கூலி. தகடு செலவு ஒண்ணுமே இல்ல.

கேள்வி: கியர் தலைகீழா மாறிரும்னு சொல்றாங்களே, உண்மையா?

எப்படி மாட்டுறோம்ங்கிறதப் பொறுத்தது. இதுலதான் நெறைய பேர் மாட்டிக்கிறாங்க, நானும் மாட்டுனேன்.

வலது கால் கியர் புல்லட்டுக்கு முதல் கியர் மேல, மத்த மூணும் கீழ. நார்ட்டனும் அதே. பழைய டிரையம்ஃபுக்கு முதல் கியர் கீழ, மத்ததெல்லாம் மேல. இப்ப கியர் லிவர கியர் பாக்ஸ் ஷாஃப்ட்லேருந்து கழட்டி, முன்னாடி பாத்த லிவர பின்னாடி பாக்குற மாதிரி திருப்பி மாட்டுனா, காலு கீழ அழுத்தும்போது ஷாஃப்ட் முன்ன சுத்துன பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்தும். அப்ப புல்லட்ல முதல் கியர் கீழ வந்துரும், மத்தது மேல. கொஞ்சம் யோசிச்சா இது இப்ப வர்ற நிறைய புது வண்டி பழக்கம்தான், அதனால சில தம்பிங்களுக்கு இதுவே பிடிச்சுருக்கு. தப்பில்ல. வீட்டுல வேற யாராவது அந்த வண்டிய எடுக்குறாங்களான்னு மட்டும் பாத்துக்கங்க.

ராடு வச்சு மாட்டுனா நம்ம கையில இருக்கு. பெடல்ல ஒரு சின்ன கை இருக்கும், கியர் ஷாஃப்ட்ல ஒரு சின்ன கை இருக்கும், ரெண்டையும் ராடு சேக்கும். ரெண்டு கையும் ஒரே பக்கம் பாத்துச்சுன்னா, அதாவது ரெண்டும் மேல இல்ல ரெண்டும் கீழ, கியர் பழைய மாதிரியே இருக்கும். ஒண்ணு மேல ஒண்ணு கீழ பாத்துச்சுன்னா தலைகீழ். அம்புட்டுத்தான் சூத்திரம்.

நான் முதல் தடவ எடம் பத்தலைன்னு ஒரு கைய கீழ திருப்பி மாட்டிட்டேன், இத யோசிக்கவே இல்ல. ஸ்டாண்டு போட்டு கியர் எல்லாம் விழுதான்னு பாத்தேன், விழுந்துச்சு, கிளம்பிட்டேன். மேலூர் ரோட்டுல ஒத்தக்கடை தாண்டி மூணாவது கியர்ல போறேன், முன்னாடி போன பஸ்ஸு ஆள் ஏத்த ஓரமா பிரேக் போட்டுச்சு, பழக்கத்துல ரெண்டாவது கியர்னு நினைச்சு மேல தூக்குனேன், நாலாவது விழுந்துருச்சு. எஞ்சின் பிடிக்கவேண்டிய நேரத்துல வண்டி இழுத்துக்கிட்டே போகுது, முன் பிரேக்க அமுக்கி பஸ்ஸுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்னுச்சு. அன்னைக்கு கை நடுங்குனது இன்னும் ஞாபகம் இருக்கு. மாத்துறது தப்பில்ல, மாறிருக்குன்னு தெரியாம ரோட்டுக்குப் போறதுதான் தப்பு.

கேள்வி: கியர் விழுது, ஆனா சில நேரம் மிஸ் ஆகுது, நடுவுல நியூட்ரல் மாதிரி நிக்குது. என்ன காரணம்?

மூணு எடத்துல பாருங்க.

முதல்ல கோணம். கியர் சும்மா இருக்கும்போது ராடும் கையும் ரெண்டு முனையிலயும் 90 டிகிரில இருக்கணும். அப்படி இல்லன்னா மேல தூக்குறதுக்கும் கீழ அமுக்குறதுக்கும் தூரம் வேற வேறயா இருக்கும், ஒரு பக்கம் நல்லா விழும், இன்னொரு பக்கம் அரைகுறையா நிக்கும்.

ரெண்டாவது பெடல் புஷ். கியர் பாக்ஸ் உள்ள இருக்குற ஸ்பிரிங்தான் ஒவ்வொரு தடவையும் லிவர நடுவுக்குக் கொண்டு வருது. நாம மாட்டுன பெடலும் ராடும் சேத்து அந்த ஸ்பிரிங்தான் இழுக்கணும். புஷ் டைட்டா இருந்தாலோ கிரீஸ் காஞ்சு போயிருந்தாலோ பெடல் முழுசா நடுவுக்கு வராது, அடுத்த கியர் பிடிக்காது. ராட கழட்டிட்டு பெடல கையால தட்டிப் பாருங்க, சொந்த பாரத்துலயே தொங்கி விழணும். பெடல இரும்புக் கட்டையா செய்யாதீங்க, எடை கம்மியா இருக்கணும்.

மூணாவது ராடு. 6 மில்லிமீட்டர் கம்பிய வளைச்சு வளைச்சு கொண்டு போனா அமுக்கும்போது வில்லு மாதிரி வளையும், கால் நகரும் கியர் நகராது. 8 மில்லிமீட்டர் நேர் கம்பி போடுங்க. ரெண்டு முனையிலயும் ரோஸ் ஜாயிண்ட் (உள்ள குண்டு வச்ச, எந்தப் பக்கமும் திரும்புற இணைப்பு), ஒண்ணு வலது மரை, ஒண்ணு இடது மரை. அப்படி இருந்தா ராட கழட்டாம சுத்தியே நீளத்த கூட்டிக் குறைக்கலாம். முடிச்சதும் லாக் நட்டு.

கேள்வி: அல்பியன் கியர் பாக்ஸ்ல இருக்குற நியூட்ரல் லிவர் என்ன ஆகும்?

குதிகால்ல அமுக்குற அந்த சின்ன லிவர்தான? ரியர்செட் மாட்டுன பிறகு குதிகால் அங்க எட்டாது. முதல் கியர் தவிர எந்த கியர்லேருந்தும் கிளட்ச் பிடிச்சு ஒரு அமுக்குல நியூட்ரல் கொண்டு வர்ற அருமையான விஷயம் அது, டவுனுக்குள்ள ஓட்டுறவங்களுக்கு இழப்புதான். கழட்டாதீங்க, அப்படியே விடுங்க, நின்ன பிறகு காலை முன்னாடி கொண்டுபோய் அமுக்கலாம். கியர் ராடு அது மேல இடிக்காம போகுதான்னு மட்டும் பாருங்க.

கேள்வி: கிக்கர் அடிக்கும்போது ஃபுட்ரெஸ்ட்ல இடிக்குது.

இடிக்கும். வலது பக்கம் கிக்கரும் ரியர்செட்டும் ஒரே எடத்துக்கு சண்டை போடுற வண்டிங்கதான் இதெல்லாம். மடக்குற ஃபுட்ரெஸ்ட் போடுங்க, ஸ்பிரிங் வச்சது, மேலயும் கொஞ்சம் பின்னாடியும் மடங்குற மாதிரி. மடக்கிட்டு ஆம்பியர் மீட்டர் பாத்து, டீகம்ப்ரஷர் (சிலிண்டர் அழுத்தத்த விடுற லிவர்) பிடிச்சு, வழக்கம் போல உதைங்க. மடங்காத கெட்டி ஃபுட்ரெஸ்ட் போட்டுட்டு கிக்கர வெட்டி வளைச்சவங்களையும் பாத்துருக்கேன், கிக்கர் பாதியில நின்னா எஞ்சின் முழு சுத்து சுத்தாது, திருப்பி உதைச்சா முட்டி போயிரும்.

மடக்குற ஃபுட்ரெஸ்ட்டுக்கு இன்னொரு நல்லதும் இருக்கு. வண்டி விழுந்தா ஃபுட்ரெஸ்ட் மடங்கும், பிளேட்டும் ஃபிரேமும் தப்பிக்கும்.

கேள்வி: பின் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது. ஷூ புதுசு.

ஷூ மேல தப்பில்ல, கணக்குலதான் தப்பு. பழைய பெடல் நீளம், புது பெடல் குட்டை. உதாரணத்துக்கு பழசுல கால் வைக்கிற எடத்துலேருந்து சுத்துற போல்ட்டு வரைக்கும் 240 மில்லிமீட்டர், அங்கேருந்து ராடு மாட்டுற எடம் 60ன்னு வச்சுக்கங்க, நம்ம கால் விசை நாலு மடங்காகி ராடுக்குப் போகும். புது பெடல் 150, ராடு அதே 60ன்னா இரண்டரை மடங்குதான். அதே பிரேக் வேணும்னா ராடு மாட்டுற ஓட்டைய 37, 38 மில்லிமீட்டருக்குக் கொண்டு வரணும். உங்க வண்டியில அளந்து இதே மாதிரி வகுத்துப் பாருங்க, பத்து நிமிஷ வேலை.

அடுத்தது திசை. பெரும்பாலான வண்டியில பிரேக் ராட முன்னாடி இழுத்தாத்தான் பிரேக் பிடிக்கும். கால் கீழ அமுக்கும்போது ராடு முன்னாடி வரணும்னா பெடலோட சின்ன கை சுத்துற போல்ட்டுக்கு மேல பாத்து இருக்கணும். கீழ பாத்து வச்சா ராட பின்னாடி தள்ளும், பிரேக் பிடிக்காது, ராடுதான் வளையும்.

மூணாவது, ராடோட முன் முனை ஸ்விங் ஆர்ம் போல்ட்டுக்கு எம்புட்டு பக்கமோ அம்புட்டு நல்லது. தள்ளி இருந்தா குழியில ஸ்விங் ஆர்ம் மேல போகும்போது ராடு தானா இழுபட்டு பிரேக் லேசா பிடிக்கும், ஆள் பாரம் ஏறும்போதும் பிடிக்கும். பின்னாடி ரெண்டு பேர உக்கார வச்சு, சக்கரத்த தூக்கி சுத்த முடியாது, அதனால வண்டிய தள்ளிப் பாருங்க, பிரேக் ஒட்டாம உருளணும்.

ரிட்டர்ன் ஸ்பிரிங், பெடல் மேல வந்து நிக்க ஒரு ஸ்டாப்பர் போல்ட்டு, பிரேக் லைட் சுவிட்ச், இந்த மூணையும் மறந்துட்டு கிளம்பிராதீங்க. சுவிட்ச் வேலை செய்யலன்னா பின்னாடி வர்ற ஆட்டோக்காரருக்கு நாம நிக்கிறது தெரியாது. பிரேக் ராடு பின்னுக்கு ஸ்பிளிட் பின் கட்டாயம்.

கேள்வி: எம்8 போல்ட்டு பழைய ஓட்டையில போகுது, ஆனா ரெண்டு சுத்துக்கு மேல போகல. முறுக்கலாமா?

முறுக்காதீங்க! மரை வேற. 5/16 அங்குலமும் 8 மில்லிமீட்டரும் தடிமன்ல கிட்டத்தட்ட ஒண்ணு (7.94), அதனால ஏமாந்துருவோம். பழைய பிரிட்டிஷ் வண்டியில 5/16 போல்ட்டே பல வகை. விட்வொர்த்னா அங்குலத்துக்கு 18 மரை, பி.எஸ்.எஃப்.னா 22, சைக்கிள் மரைன்னா 26. எம்8க்கு 20 சொச்சம். விட்வொர்த்தும் பி.எஸ்.எஃப்.பும் 55 டிகிரி மரை, மத்தது 60. எதுவும் எதோடயும் சேராது. முறுக்கி ஏத்துனா ஃபிரேம் லக்குல இருக்குற மரை போயிரும், அப்புறம் அத சரி பண்ண ஆள் தேடி அலையணும். மரை கேஜ் ஒண்ணு வாங்கி வைங்க, வெல ரொம்ப கம்மி. பழைய போல்ட்ட எடுத்துக்கிட்டு லேத்து பட்டறைக்குப் போனா அதே மரையில கடைஞ்சு தருவாங்க.

ஸ்பேனரும் அப்படித்தான். விட்வொர்த் ஸ்பேனர்ல எழுதிருக்குற அளவு போல்ட்டு தடிமன், நட்டோட அகலம் இல்ல. மில்லிமீட்டர் ஸ்பேனர் வச்சு நட்ட உருட்டிராதீங்க.

கேள்வி: ரியர்செட் மாட்டுனா போலீஸ், ஆர்.டி.ஓ. பிரச்சனை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52ஆவது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புக்குக்கும் மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டும்னு இருக்கு. ஃபிரேம வெட்டுறது, ஒட்டுறது எல்லாம் நேரா இதுல மாட்டும். கழட்டி பழையபடி ஆக்குற மாதிரி போல்ட்டுல மாட்டுங்கன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். சந்தேகம் இருந்தா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுருங்க.

50 வருஷம் தாண்டுன வண்டிக்கு 2021ல விண்டேஜ் பதிவுன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, நம்பர்ல வி.ஏ.ன்னு எழுத்து வரும். அதுக்கு ஃபிரேம்லயும் எஞ்சின்லயும் பெரிய மாற்றம் இல்லாம வண்டி அசல் நிலையில இருக்கணும். அப்படி பதிவு பண்ணா தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடுறது இந்த மாதிரிக்குத்தான். உங்க வண்டிய ஒரு நாள் அப்படி பதியணும்னு ஆசை இருந்தா ஃபிரேம தொடவே தொடாதீங்க.

கேள்வி: செருப்பு போட்டுட்டு ஓட்டலாமா?

வேணாம். குதிகால் சைலன்சர் பக்கம் வந்துருது, நம்ம ஊர் சித்திரை வெயில்ல சொல்லவே வேணாம். ஷூ.

கேள்வி: மாட்டி முடிச்சாச்சு. எப்படி டெஸ்ட் பண்றது?

முதல்ல ஸ்டாண்டு போட்டு, ரெண்டு ஃபுட்ரெஸ்ட்லயும் ஏறி நின்னு குதிங்க, நெசமாத்தான் சொல்றேன், குதிங்க. பிளேட் அசையுதா, போல்ட்டு தலைக்குக் கீழ பெயிண்ட் நொறுங்குதான்னு பாருங்க. அப்புறம் தெருவுக்குள்ளேயே முதல் ரெண்டு கியர்ல போய்ட்டு வாங்க, பின் பிரேக்க மட்டும் வச்சு நிறுத்திப் பாருங்க. அழகர் கோயில் ரோடு மாதிரி அகலமான ரோட்டுல காலை நேரத்துல 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு எல்லா போல்ட்டையும் திரும்ப முறுக்குங்க, 200 கிலோமீட்டர்ல இன்னொரு தடவ. ஒத்த சிலிண்டர் அதிர்வுல லூசாகாத போல்ட்டே கிடையாது. நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் வச்சது) போடுங்க, இல்ல நீலக் கலர் லாக்டைட் (மரைப் பசை) ஒரு சொட்டு. போல்ட்டு தலையிலேருந்து பிளேட்டுக்கு பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வச்சா சுத்திருந்தா பாத்த உடனே தெரியும்.

அதெல்லாம் சரியா இருந்தா சிறுமலை ஏறுங்க. 18 கொண்டை ஊசி வளைவு, முன்ன பழைய ஃபுட்ரெஸ்ட் தரையில கீய்ங்குன்னு உரசுன வளைவுல எல்லாம் இப்ப சத்தமே இல்லாம வண்டி சாயும். நான் ரெண்டாவது செட் மாட்டிட்டு அங்க போன அன்னைக்கு மேல நின்னு டீ குடிச்சுட்டு திரும்ப கீழ இறங்கி மறுபடி ஒருக்கா ஏறுனேன்.

கேள்வி: கழட்டுன பழைய ஃபுட்ரெஸ்ட், பெடல், ராடு எல்லாம் என்ன பண்றது? பழைய இரும்புக்காரர் கேக்குறாரு.

குடுக்காதீங்க. கழட்டுன வரிசையில ஒவ்வொரு போல்ட்டையும் அதோட வாஷர், நட்டோட கம்பியில கோத்து, எது எங்கேருந்து வந்துச்சுன்னு அட்டையில எழுதி கட்டுங்க. எல்லாத்துலயும் எஞ்சின் ஆயில் தடவி, பழைய வேட்டித் துணியில சுத்தி, அரிசிச் சாக்குல போட்டு பரண்ல வைங்க. என்னோடது அப்பா கட்டி வச்ச மாதிரியே மரப்பெட்டியில இருக்கு, அதுல முதல் செட் பிளேட்டையும் சேத்து வச்சிருக்கேன்.